பாசியைக் காயவிட்டு விக்கிறதோ, பிழிஞ்சு விக்கிறதோ?

வேலணைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா நானும் மச்சாளும் கடலில கப்பாபைகஸ் எண்ட பாசி வளர்க்கிறம். நைலோன் கயித்தில சின்னத் துண்டுகளாக் கட்டி, வெறும் சோடாப் போத்தலை மிதவையா விட்டால் 45 நாளில அறுக்கலாம். வேலை பெரிய கஷ்டமில்லை. இடுப்பளவு தண்ணியில நிண்டு கட்டிக் கட்டி முழங்கால்தான் போச்சு.

பிரச்சினை அறுத்தாப் பிறகுதான் துடங்குது. பச்சையா பத்துக் கிலோ காயப்போட்டால் ஒரு கிலோ மிஞ்சும். போன முறை காயப்போட்ட ரெண்டாம் நாள் ஒரு பாட்டம் மழை. படங்கு இழுத்து மூடுறதுக்கிடையில நனைஞ்சு, மண்ணிறப் பாசி வெள்ளையாகிக் கையில ஒட்டத் துடங்கீட்டுது. யாவாரி வந்து உரப்பைக்குள்ள கையை விட்டார், ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்த்தார், "அக்கா, இது ஈரம், மண்ணும் கிடக்கு" எண்டு மூண்டு பையைத் தள்ளி வச்சிட்டுப் போயிட்டார். அவரில பிழை சொல்லேலாது. மண் கிடந்ததுதான்.

இப்ப சித்தப்பாவின்ர பெடியன் யூரியூப்பைப் பார்த்திட்டு, "அக்கா, காய்ஞ்ச பாசியை ஏன் விக்கிறியள், கராஜீனன் பவுடராக்கி வித்தால் எத்தினை மடங்கு விலை" எண்டு ஒவ்வொரு நாளும் நச்சரிக்கிறான். கராஜீனன் எண்டது இந்தப் பாசியில இருந்து எடுத்து, சாப்பாட்டுச் சாமானைத் தடிப்பாக்கச் சேர்க்கிற பொருளாம். நெக்டா எண்ட அரசாங்க நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை ஆக்கள் வைச்ச கூட்டத்திலயும் "சுழற்சிப் பொருளாதாரம், கழிவே இல்லாத கைத்தொழில்" எண்டு கதைச்சவை. தேத்தண்ணியும் ரோல்சும் நல்லா இருந்தது, ஆனா வீட்டு வளவில எதைச் செய்யலாமெண்டு எனக்கு விளங்கேல்லை. அம்மம்மா கரையில ஒதுங்கிற சாதாழையை வண்டிலில ஏத்திக்கொண்டுவந்து தென்னைக்குத் தாட்டவ. அதுவும் உதுவும் ஒண்டோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பழைய சம்மாட்டி:

பிள்ளை, முதல் மண்ணை விடு. நிலத்தில விரிச்சுக் காயப்போடாதை. இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி அதுக்கு மேல பரப்பு. கீழாலயும் காத்துப் போகும். பொழுதுபட முன்னம் மூடு, பனியில ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். மண் கழுவோணுமெண்டால் கடல் தண்ணியில கழுவு. நல்ல தண்ணி பட்டாலும் மழை பட்டமாதிரித்தான்.

ஓரா மீன் வந்து கொழுந்தைக் கடிக்குதோ? எங்கட பக்கம் ஒரு கிழமையில கயிறு மொட்டையாகினது. அதைப் பிடிச்சுக் கறியாக்கினதுதான் நான் கண்ட சுழற்சிப் பொருளாதாரம்.

இன்னொண்டு. உது எங்கட கடல் பாசி இல்லை, பிலிப்பைன்சால வந்தது. அங்கால இந்தியாவில மண்டபம் பக்கம், குருசடைத்தீவில பவளப்பாறையை இந்தப் பாசி மூடினதெண்டு 2008இலயே ஆராய்ச்சி செய்த ஆக்கள் எழுதினவை. காத்துக்கு அறுந்து போற துண்டுகளைப் பாத்துக்கொண்டு நிக்காமல் பொறுக்கி எடு.

பட்டறைக் கெமிஸ்ட்:

தங்கச்சி, நான் கொழும்பில உணவுத் தொழிற்சாலை ஒண்டில கன காலம் இருந்தனான். கராஜீனனை மூட்டையில வாங்கிப் பாவிச்ச ஆள். சொக்லட் பாலில கொக்கோ அடியில படியாமல் நிக்கிறது அதாலதான். பால்பக்கெற்றில 407 எண்டு ஒரு இலக்கம் போட்டிருக்கும், பாருங்கோ.

தம்பி சொல்லுற பவுடர் அனேகமா அரைச் சுத்திகரிப்பு வகை, அதுக்கு 407அ எண்டு இலக்கம். செய்முறை கேக்கச் சுகம். காய்ஞ்ச பாசியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு எண்ட காரத்தின்ர கரைசலில போட்டு, 75, 80 பாகை சூட்டில ரெண்டு மணித்தியாலம் அளவில வைக்கோணும். கொதிக்கவிட்டால் பாசியே கரைஞ்சு போயிடும். பிறகு காரம் போகுமட்டும் திரும்பத் திரும்ப நல்ல தண்ணியில கழுவி, வெட்டி, காயவைச்சு, அரைக்கோணும். சோடியம் காரம் மலிவுதான், ஆனா பொற்றாசியம் இருந்தால்தான் கட்டி இறுகும்.

இப்ப யோசியுங்கோ. வேலணையில குடிக்கிற தண்ணியையே பவுசரில எடுக்கிறியள், கழுவுற தண்ணிக்கு எங்க போறது? கழுவின காரத்தண்ணியை எங்க ஊத்திறது? எங்கட தரை சுண்ணாம்புக்கல்லு. மேல ஊத்தினது கீழ கிணத்திலதான் போய் நிக்கும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்த கதையை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள். பெரிய ஆலையெண்டால் அந்தக் காரத்தை அமிலத்தால நடுநிலையாக்கிப் பொற்றாசியம் உரமாத் திருப்பி எடுக்கலாம். வளவுக்குள்ள, சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற இடத்தில, வேண்டாம் தங்கச்சி. கண்ணில ஒரு துளி பட்டால் போச்சு.

சாதாழை வேற. அதில கூடுதலா இருக்கிறது கடற்புல்லு. பாசியே இல்லை, பூக்கிற செடி. கடற்பசு மேயிறது அதைத்தான். கரையில ஒதுங்கினதை அள்ளலாம், தண்ணிக்குள்ள நிக்கிறதைப் பிடுங்கக்கூடாது.

இணுவில் தோட்டம்:

அண்ணை சொல்லுறது சரி. ஆனா காயவைக்கிறதை மட்டும் யோசிக்கிறியள். பத்துக் கிலோவில ஒம்பது கிலோவை வெய்யிலுக்குக் குடுக்கிறியளே, அந்தத் தண்ணிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியுமோ? பொற்றாசியம் கன. அதோட பயிரைத் தளிர்க்கப் பண்ணுற ஓமோன் வகையளும் இருக்கு. இந்தியாவில, பவநகர் ஆராய்ச்சி நிலையக்காரர் பச்சைப் பாசியை அரைச்சுப் பிழிஞ்சு சாறை உரமாவும், சக்கையைக் கராஜீனனுக்கும் எடுக்கிற முறையைக் கன வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சிட்டினம்.

2021இல இரசாயன உரத்துக்குத் தடை வந்த நேரம், நான் வெங்காயத்துக்கு என்னத்தை அடிக்கிறதெண்டு அலைஞ்சு, போத்தலில வந்த பாசிச்சாறு வாங்கினனான். ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 மில்லிலீற்றர், பின்னேரத்தில இலைக்கு அடிச்சது. தாள் நல்லா நிமிர்ந்தது. ஆனா யூரியாவுக்குப் பதிலா நிக்குமெண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ, தழைச்சத்து அதில பெரிசா இல்லை.

உப்பைக் கவனியுங்கோ. வெங்காயம் உப்புத் தாங்காது. புகையிலைக்குப் பக்கத்திலயே கொண்டு போகாதேங்கோ, உப்பில இருக்கிற குளோரைட்டு ஏறின இலை நெருப்புப் பிடிச்சு எரியாது, யாவாரி சுருட்டிப் பார்த்திட்டு எறிவார். தென்னைக்குப் பயமில்லை. உங்கட அம்மம்மா தென்னைக்குத் தாட்டது சும்மா இல்லை.

வேலணைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பவுடர்க் கதையைப் பெடியனுக்குக் காட்டினன், ஆள் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு போயிட்டார். வலையில காயப்போட நாளைக்கே கம்பு நடுறன். சம்மாட்டி ஐயா, ஓரா வாறதுதான், மச்சான் கூடு வைக்கிறாராம்.

இணுவில் அண்ணை, பிழிஞ்ச சாறு எத்தினை நாள் தாங்கும்? கெமிஸ்ட் அண்ணை, சக்கையை அதே யாவாரி எடுப்பாரோ?

பட்டறைக் கெமிஸ்ட்:

ஒண்டும் சேர்க்காட்டில் சாறு ரெண்டு மூண்டு நாளில நாறும். அதாலதான் கடைச் சரக்கில பழுதாகாமல் இருக்க மருந்து விடுறவை. நீங்கள் பிழியிற அண்டைக்கே பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குடுக்கிறதெண்டால் அந்தக் கரைச்சல் இல்லை. முதல் வாங்கிற ஆளைப் பிடியுங்கோ, பிறகு பிழியுங்கோ.

சக்கையில கராஜீனன் அப்பிடியே இருக்கும். தண்ணி ஏற்கெனவே போனபடியால் கெதியாவும் காயும், மழைக்குப் பயந்து ஓடுற நேரம் குறையும். ஆனா நூல்நூலா, தூளாக் கிடக்கும். யாவாரி பார்த்துப் பழகின உருவம் அதில்லை. அரைக் கிலோவைக் காயவைச்சு முதல்ல காட்டுங்கோ. அவர் ஓமெண்ட பிறகு மிச்சத்தை அரைக்கலாம்.

வேலணைக்காரி:

சரி. சனிக்கிழமை பத்துக் கிலோ அறுத்து மாமியின்ர கிரைண்டரில போட்டுப் பாக்கப் போறன். மாமி கீரிமலைக்குப் போறா, பின்னேரம்தான் வருவா. அதுக்கிடையில கிரைண்டரின்ர பாசி மணம் போறதுக்குத் தேசிக்காய் காணுமோ, இல்லாட்டில் வேற என்ன போட்டுத் தேய்க்கிறது?