புதுப்பிப்பு: 5 லட்சத்துக்குள் பழைய டர்போ பலேனோ ஆர்எஸ், வாங்கியாச்சு

கையில் 5 லட்சம்தான், பழைய பலேனோ ஆர்எஸ் (மாருதியின் டர்போ கார்) எடுக்கலாமா, டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பி இழுவையைக் கூட்டும் பாகம்) எப்படிப் பரிசோதிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வண்டி இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வாசலில் நிற்கிறது.

கைகொடுத்தது, "இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்க" என்ற யோசனைதான். ஆம்பூரில் பார்த்த முதல் வண்டிக்குச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போய் நின்றேன். பானெட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் பின்னால் நீலப் புகை, ஆயில் எரிகிறது. டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்தது காட்பாடியில், 2018 மாடல். புகை இல்லை. ஆனால் மூன்றாவது கியரில் மிதித்தால் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம், இழுவையும் குறைவு. டர்போ போச்சு என்றே நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமே இல்லை, டர்போ நல்லாத்தான் இருந்தது. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸின் கிளாம்ப்தான் தளர்ந்திருந்தது. முன்பு யாரோ அரைகுறையாக மாட்டிய வேலை. புது கிளாம்ப் 150 ரூபாய். அந்தச் சத்தத்தைச் சொல்லியே விலையில் 20,000 குறைத்திருந்தேன், கொஞ்சம் உறுத்தல்தான். 4.80 லட்சத்துக்கு முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: பழைய ஓனர் வண்டிக் கடனை அடைத்தும் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30-உடன் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பெயர் மாற்றம் நகர்ந்தது. மூன்று வாரம் போச்சு.

நேற்று ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி திணறவில்லை. அப்பாவுக்குத்தான் ஏழாவதிலேயே தலைசுற்றல்.