பூச்சி மாத்திரை கொடுத்தும் கீரிப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது

மதுரைப் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மாலை வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகளில் 12 பேருக்குக் கீரிப்பூச்சி. வயது 4 முதல் 9 வரை. ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமே இல்லை. காலையில் மலத்தில் வெள்ளை நூல் மாதிரி நெளிகிறது.

பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மி.கி. எல்லாப் பிள்ளைகளும் மென்றார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பம். ஏப்ரலில் டாக்டரிடம் காட்டி, அந்த 12 பேருக்கும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தோம். நகம் வெட்டிவிட்டோம், போர்வைகளை வெந்நீரில் அலசினோம். ஜூனில் திரும்ப வந்துவிட்டது.

மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் ஒரே பாயில் படுக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கர்ப்பிணிகளை மட்டும் அவரே தனியாகப் பார்ப்பார். ஆனால் பெரியவர்கள் வெட்கப்பட்டு, "எனக்கு ஒண்டும் இல்லை பிள்ளை" என்று மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முகாம்களில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: பெரியவர்களையும் சேர்த்து முழுக் குடும்பத்தையும் ஒரே நாளில் மாத்திரை போட எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?