588-வது ரெஜிமெண்ட்: கண்காட்சிப் பலகைக்கு எழுதினது சரியாங்க?

அஸ்தம்பட்டி டீச்சர்:
சேலத்துல எங்க பள்ளிக் கண்காட்சிக்கு, இரண்டாம் உலகப் போர்ப் பெண் விமானிகள் பத்தி ஒரு பலகையும் ஒரு மாதிரி விமானமும் தயாராகுது. சோவியத் பெண்களோட 588-வது இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்ட் பத்திப் பிள்ளைங்க எழுதினது: “1942-ல் சோவியத் பெண்கள் போ-2 விமானத்தின் எஞ்சினை அணைத்துவிட்டுக் குண்டு போட்டார்கள். விமானம் மெதுவாகப் போனதால் ஜெர்மானியர்களால் சுடவே முடியவில்லை.” இதை அப்படியே எழுதலாமா? மாதிரிக்கு அளவும் வேணுங்க.

ஓமலூர் ஏரோ:
முதல்ல பெயர். 1942-ல அது யு-2. வடிவமைச்ச பொலிகார்போவ் 1944-ல இறந்த பிறகுதான் போ-2 ஆச்சு.

“அணைத்துவிட்டு”ங்கறதை மாத்துங்க. த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி) ஐடில் வரைக்கும், அதாவது எஞ்சின் நிக்காம மெல்ல ஓடற அளவுக்குக் குறைச்சுட்டு, சத்தமில்லாம சறுக்கி இறங்குவாங்க. இலக்கை நெருங்கும் உயரம் சுமாரா ஆயிரம் மீட்டர். அடிவாரத்துல நின்னு ஏற்காடு இருக்கிற உயரத்தை அண்ணாந்து பார்த்தா பிள்ளைங்களுக்குப் புரியும். அந்தச் சறுக்கல்லதான் ஆபத்து. யு-2-ல இருந்த எம்-11, காற்றால குளிரும் அஞ்சு சிலிண்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன். குளிர்காலத்துல ரொம்ப நேரம் ஐடில்ல விட்டா ஆறிப் போகும், பிளக்குல கரி படியும். குண்டு போட்டதும் த்ராட்டிலைச் சட்டுனு திறந்தா திக்கும், சில நேரம் நின்னே போகும். தாழ்வா இருக்கறப்ப புரொப்பெல்லர் நின்னுட்டா மறுபடி கிளப்ப உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது.

மலைப்பாதை:
“சுடவே முடியவில்லை”ங்கற வரியைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. செத்துப்போன பெண்களுக்கு அது நியாயமில்லை.

மெதுவா போறது உதவுச்சு, உண்மைதான். யு-2-வோட உச்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவுதான். ஜெர்மன் வேட்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 அந்த வேகத்துக்குக் குறைச்சா ஸ்டால் ஆகற நிலைக்கு, அதாவது இறக்கை தூக்க முடியாம விழற நிலைக்கு வந்துடும். அதனால பாய்ஞ்சு வந்து ஒரு நொடி சுட்டுட்டு, தாண்டிப் போய்த் திரும்பி வரணும். ஆனா சர்ச்லைட்டுல மாட்டினா கதை வேற. ப்ளைவுட்டும் துணியும்தான் உடம்பு, தீப்பிடிச்சா நிக்காது. 1944 வரைக்கும் பாராசூட்டும் எடுத்துட்டுப் போகலை.

1943 ஜூலை 31 இரவு நடந்ததைப் பலகையில போடுங்க. சர்ச்லைட் எரியுது, தரைப் பீரங்கி மட்டும் மௌனம். காரணம், மேலே ஜெர்மன் இரவு வேட்டை விமானம் சுத்திட்டு இருந்துச்சு. விடியறதுக்குள்ள நாலு விமானம், எட்டுப் பெண்கள் போயிட்டாங்க.

அஸ்தம்பட்டி டீச்சர்:
நன்றிங்க, ரெண்டு வரியையும் மாத்தச் சொல்லிடறேன். பிரிட்டன், அமெரிக்கப் பெண்களையும் “போரிட்ட விமானிகள்”னு அதே தலைப்புல சேர்க்கலாமா?

கன்னங்குறிச்சி:
சேர்க்காதீங்க டீச்சர், வேலையே வேற. பிரிட்டனோட ஏடிஏ-வும் (விமானங்களைக் கொண்டு சேர்க்கிற துணை அமைப்பு) அமெரிக்காவோட வாஸ்ப்பும் (பெண் விமானிகள் அமைப்பு) சிவிலியன் அமைப்புகள். ஏடிஏ-வுல 1940 ஜனவரி 1 அன்னிக்கு எட்டுப் பெண்கள் சேர்ந்தாங்க, மொத்தம் 168. தொழிற்சாலையிலிருந்து விமானத்தை எடுத்துப் படைத்தளத்துல ஒப்படைக்கிற வேலை. ரேடியோ இல்லை, முன்னே ஓட்டாத ரகமா இருந்தா கையடக்கக் குறிப்பேட்டைப் புரட்டிட்டு ஏறணும். 1943-ல ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைச்சுது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். வாஸ்ப்ல பயிற்சி முடிச்சவங்க 1,074, உயிர்விட்டவங்க 38. தரைப்படை நிஜத் தோட்டாவால சுட்டுப் பழக, துணி இலக்கை இழுத்துட்டுப் பறக்கிறதும் இவங்க வேலைதான். ராணுவத்தினர்னு அங்கீகாரம் 1977-லதான் வந்துச்சு.

இந்தியாவுக்கு இடம் இருந்தா, 1999 கார்கில்ல சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டின குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ரெண்டு பேரையும் போடுங்க.

ஓமலூர் ஏரோ:
மாதிரி அளவு: மேல் இறக்கை 11.4 மீட்டர், நீளம் 8.17 மீட்டர். பத்துல ஒண்ணுன்னா 114, 82 சென்டிமீட்டர். கீழ் இறக்கை கொஞ்சம் குட்டை, பிள்ளைங்க ரெண்டையும் ஒரே அளவுல வெட்டிடப் போறாங்க. ரெண்டு காக்பிட்டையும் திறந்தே விடுங்க: முன்னாடி விமானி, பின்னாடி வழி சொல்ற நேவிகேட்டர். குண்டு கீழ் இறக்கைக்கு அடியில, உடம்புக்குள்ள இல்லை.

இன்னொண்ணு, தரையில இருந்த பெண்களையும் எழுதுங்க. ஒரு குழு எரிபொருள், ஒரு குழு குண்டு, ஒரு குழு எஞ்சின்னு பிரிச்சுக்கிட்டு, விமானம் இறங்கின சில நிமிஷத்துல திருப்பி அனுப்பினாங்க. ஒவ்வொரு குண்டையும் இருட்டுல கையாலதான் தூக்கி மாட்டணும். அந்த ரெஜிமெண்ட் 23,000-க்கும் மேல தாக்குதல் பறப்பு காட்டினதுக்கு விமானிகளோட தைரியம் பாதி, இந்த ஏற்பாடு பாதி.