அம்மாவின் பி.டி. குழாயில் ஈரம்: களிம்பு அரித்துவிட்டதா?

அம்மாவுக்கு வீட்டிலேயே சி.ஏ.பி.டி. (வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸ், அதாவது பி.டி.), ஒரு நாளைக்கு நாலு பை திரவம். அதற்கான குழாயை (கதீட்டர்) வயிற்றில் வைத்து நாலரை வருஷம் ஆகிறது. இன்று காலை பை மாற்றி முடித்துக் குழாயைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில், கதீட்டரின் வெளிநுனியில் இருக்கும் டைட்டானியம் இணைப்புக்கு ஒரு விரல் தள்ளி மறுபடியும் ஈரம். டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால், இருபது எண்ணுவதற்குள் கடுகளவு துளி திரண்டு நிற்கிறது. அந்த இடம் மட்டும் தொளதொளவென்று இருக்கு. குழாயும் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கு. குழாய் தோலைவிட்டு வெளியே வரும் வெளிவாயைச் சுற்றி, தொற்று வராமல் இருக்க தினமும் மியூபிரோசின் களிம்பு போடுகிறோம், அதனாலா? காய்ச்சல், வயிற்றுவலி எதுவும் இல்லை. மதியப் பையை ஏற்றலாமா?

பி.டி. நர்ஸ்: ஏற்றவே வேண்டாம். முதலில் கசியும் இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் பல் இல்லாத கிளாம்பை (குழாயை இறுக்கி மூடும் கவ்வி) போடுங்க. டிரான்ஸ்பர் செட்டில் (இணைப்புக்கு அடுத்து, பையை மாட்டும் குழாய்) இருக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது, அது ஓட்டைக்கு அப்பால் இருக்கு. கசிகிற இடத்தை ஸ்டெரைல் காஸால் சுற்றி, இன்றைக்கே உங்கள் யூனிட்டுக்குப் போங்க. தண்ணீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்க்காதீங்க, பெரிடோனிட்டிஸ் (வயிற்று உட்சவ்வில் வரும் தொற்று) வந்தபிறகுதான் அது கலங்கும். பசையோ டேப்போ ஒட்டாதீங்க.

கேட்டவர்: கிளாம்ப் போட்டாச்சு சிஸ்டர், கிளம்புகிறோம். களிம்பை நிறுத்தணுமா?

பி.டி. நர்ஸ்: நீங்களாக நிறுத்தாதீங்க. குழாய் எதனால் ஆனது என்று அங்கே கேளுங்க. 1968-ல் டென்காஃப் என்ற மருத்துவர் கொண்டுவந்த கதீட்டரே சிலிகோன்தான், இன்றும் பெரும்பாலும் அதுதான். பாலியூரித்தேன் குழாய் என்றால் கதை வேறு. மியூபிரோசின் களிம்பின் அடிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்கால் அதை ஊதவைத்து இளக்கிவிடும், ஸ்பிரிட்டும் ஆகாது. சிலிகோன் என்றால் எனக்கு சந்தேகம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும் கிளாம்ப் மேல்தான். பழுப்பு நிறம் அநேகமாக அயோடின் கறை. வெறும் கறை என்றால் பயமில்லை, ஆனால் அயோடினில் குழாயை நாள் கணக்கில் ஊறவிட்டால் சிலிகோனும் கெடும்.

ஏழு வருஷ நோயாளி: தம்பி, எனக்கு ஓட்டை விழுந்தது கத்தரியால். வெளிவாய்க் கட்டைப் பிரிக்கும்போது நுனி லேசாகப் பட்டது, அவ்வளவுதான். சிலிகோனில் கீறல் விழுந்தால் அது அப்படியே நிற்காது, இழுக்க இழுக்க நீளும். அன்றிலிருந்து கட்டுப் பிரிக்கிற இடத்துக்குக் கத்தரியைக் கொண்டுபோவதே இல்லை, கையால்தான் உரிப்பேன். அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்க.

கேட்டவர், மறுநாள்: எல்லோருக்கும் நன்றி. குழாய் சிலிகோன்தான், களிம்பு காரணமில்லை. கசிந்த ஈரத்தில் சர்க்கரை பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை வைத்தார்கள், உடனே நிறம் மாறியது. டயாலிசிஸ் திரவத்தில் குளுக்கோஸ் உண்டே. நாலு வருஷமாகக் கூடுதல் பத்திரம் என்று ஒரே இடத்தில் கிளாம்ப் போட்டுவந்தேன், அந்த மடிப்பிலேயே ஊசிமுனை அளவு ஓட்டை. வெளியே நீளம் போதுமான அளவு இருந்ததால் அறுவை வேண்டியிருக்கவில்லை. பழுதான துண்டை வெட்டிவிட்டு, புது இணைப்பும் புது டிரான்ஸ்பர் செட்டும் மாட்டினார்கள். வயிற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி பை கசிவில்லாமல் ஏறியது. அம்மா தூங்கியபிறகு டார்ச் அடித்துக் குழாயை முழுக்கப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.

பி.டி. நர்ஸ்: ரொம்ப சந்தோஷம். மிச்சம் இருக்கிற நீளம் எவ்வளவு என்று நோட்டில் குறித்து வையுங்க. இன்னொரு முறை வெட்ட இடம் இருக்கிறதா என்பது அதைப் பொறுத்துத்தான்.