ஹாட் அண்ட் கோல்ட் ஏசி அரை மணிக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டதா?

மயூர் விஹார் மருமகள்:
வணக்கம். டெல்லியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து வந்த மாமியாருக்கு 76 வயது, இது அவருடைய முதல் டெல்லிக் குளிர். அவருக்காகவே சூடும் தரும் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். அறை நன்றாகவே சூடாகிறது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை உஸ்ஸென்று ஒரு சத்தம், உடனே காற்று நின்றுவிடுகிறது. மறுபடி வர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. அவுட்டோர் யூனிட்டில் ஃப்ரீசரில் படிவதுபோல் வெள்ளைப் படலம், பிறகு தரையெல்லாம் தண்ணீர். வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் குறைந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேசாமல் ரூம் ஹீட்டரே வாங்கியிருக்கலாமோ?

குளிர்பதனப் பொறியாளர் (ஓய்வு):
அம்மா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இயந்திரம் உறைபனியை உருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. அதற்கு வெளியே இருக்கும் ‘காயில்’, அதாவது கேஸ் ஓடும் வளைகுழாய், காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 5 டிகிரி என்றால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்; பனிமூட்டத்தின் ஈரம் அதன்மேல் உறையும். உறைபனி காற்றுப் பாதையை அடைத்ததும், கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வு திரும்புகிறது. நீங்கள் கேட்கும் உஸ் அதுதான். சூடான கேஸ் சிறிது நேரம் வெளிக் காயிலுக்குப் போகிறது. அறைக்குள் குளிர்காற்று வீசக்கூடாது என்றுதான் உள் விசிறி நிற்கிறது.

கேஸ் குறைந்தால் பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி கட்டும், அறையும் சரியாகச் சூடாகாது. உங்களுக்குப் படலம் ஒரே சீராகப் படிந்து, முழுவதும் உருகிவிடுகிறதா? ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை என்பது அதிகம். யூனிட் எங்கே இருக்கிறது?

மயூர் விஹார் மருமகள்:
சீராகத்தான் படிகிறது, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் உருகுகிறது. யூனிட் பின்பக்க பால்கனியில் இருக்கிறது. புகைக்குப் பயந்து கண்ணாடி போட்டு மூடியிருக்கிறோம். துணி உலர்த்துவதும் அங்கேதான்.

குளிர்பதனப் பொறியாளர் (ஓய்வு):
காரணம் கிடைத்துவிட்டது! வெப்பத்தை இழந்த காற்று வெளியேற வழியில்லாமல் அதே காயிலுக்குத் திரும்புகிறது. போதாததற்கு ஈரத்துணியின் ஆவியும் சேர்கிறது. ஏசி ஓடும்போது யூனிட்டுக்கு எதிரே உள்ள கண்ணாடியை முழுவதும் திறந்து வையுங்கள். துணியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

ரூம் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். டெல்லிக் குளிரில் இது ஏறக்குறைய மூன்று மடங்கு தரும்.

ஓஸ்லோ மகளின் அப்பா (ரோகிணி):
என் மகள் வீட்டில் மைனஸ் 15-லும் இப்படிப்பட்ட ஒன்றுதான் ஓடுகிறது. நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதுதான். அங்கே விற்பவை கடுங்குளிருக்கென்றே செய்யப்பட்டவை. உருகும் நீர் மறுபடி உறையாமலிருக்க அடித்தட்டில் ஒரு சூட்டுக்கம்பி, பனியில் புதையாமலிருக்க உயரமான ஸ்டாண்டு. போனவுடன் நானும் ரிப்பேர் என்றுதான் பதறினேன். உலர்ந்த மைனஸ் 10-ஐவிட, பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்குளிரில்தான் அடிக்கடி பனி உருக்க நேரிடும் என்று மகள் சொன்னாள். டெல்லி ஜனவரி அப்படிப்பட்டதுதானே!

மயூர் விஹார் மருமகள்:
மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு கண்ணாடியைத் திறந்துவைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நின்றது, அதுவும் நான்கு நிமிடம். மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று: அத்தைக்குக் கால் மட்டும் இன்னும் சில்லிட்டுப் போகிறது.

குளிர்பதனப் பொறியாளர் (ஓய்வு):
சூடான காற்று மேலேயே தங்கிவிடும். ஏசியில் காற்று வரும் வாயிலுள்ள தகட்டை நேராகத் தரையைப் பார்த்துத் திருப்பி, விசிறி வேகத்தைக் கூட்டுங்கள். கட்டிலடியில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், டெல்லித் தூசி பொல்லாதது.