"ஒரு சதமும் வரி கட்டாதவர்" என்று யாரைச் சொல்வது?

திருக்கடலூரான் (கேள்வி)

எங்கள் வாசிகசாலையில் சென்ற ஞாயிறு மாலை எழுந்த ஒரு வாக்குவாதம் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருப்பதால் இங்கே கேட்கிறேன். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் சம்பளம் பெறும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். பேச்சு அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பக்கம் திரும்பியதும் அவர், "எங்கள் சம்பளத்தில் வெட்டும் காசில்தான் உங்களுக்கு உதவிப்பணம் வருகிறது, நீங்கள் ஒரு சதமும் வரி கட்டுவதில்லை" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டார். அங்கிருந்த ஒரு படகுத் தொழிலாளி, "வரி கட்டுகிற அளவுக்கு உழைப்பு வந்தால் சந்தோசமாகக் கட்டுவேன், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இளைஞரின் கோபத்தைவிட, தாம் வரி கட்டுவதே இல்லை என்று அந்த மனிதர் தாமாகவே ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. அது உண்மையா? எல்லோரும் ஒரே வீதத்தில் கட்டுவது நியாயமா, இருப்பவர் கூடிய வீதத்தில் கட்டுவது நியாயமா? கட்சி அரசியலைத் தவிர்த்து விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

உவர்மலைக் கணக்கன்

உண்மையில்லை. அவர் ஒவ்வொரு நாளும் வரி கட்டுகிறார், ஆனால் அவருக்கு அதற்குப் பற்றுச்சீட்டு கிடைப்பதில்லை.

அவர் மூலைக்கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கம்பனி தன் விற்பனை விலையில் 18 வீதம் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியைச் சேர்த்தே அனுப்புகிறது. மூலைக்கடைக்காரரின் விற்பனை, வரிப் பதிவுக்கான ஆண்டு எல்லையைத் தொடாததால் அவர் வற் பதிவு பெற்றவரல்லர். ஆகவே தாம் கொடுத்த வரியை அவரால் மீளப்பெறவும் முடியாது, பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டவும் முடியாது. அதை அப்படியே விலைக்குள் வைத்துத்தான் விற்கிறார், கடைசியில் சுமப்பவர் சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பவர். பற்பசை, பிஸ்கட், தொலைபேசி மீள்நிரப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2024 ஜனவரியில் சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும்கூட இந்த வரிக்குள் வந்துவிட்டன. பாண், மின்சாரம், பேருந்துக் கட்டணம், அவர் பிடித்து வரும் பச்சை மீன் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒரு கணக்கு. இதில் வீட்டுச் செலவுகள் நான் வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, வரி வீதங்கள் மட்டும் உண்மையானவை. எளிமைக்காகக் கடைக்காரரின் இலாபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. படகுத் தொழிலாளியின் வீட்டுக்கு மாதம் 60,000 ரூபாய் வந்து, அதில் 25,000 ரூபாய் வற் வரிக்குட்பட்ட பொருட்களுக்குப் போனால், அந்த 25,000இல் ஏறக்குறைய 3,814 ரூபாய் வரிதான். வருமானத்தில் அது 6.4 வீதம். இளைஞரின் இரண்டு இலட்சத்தில், 2025 ஏப்ரல் முதல் மாதம் ஒன்றரை இலட்சம் வரை வருமான வரி இல்லை. எஞ்சிய 50,000க்கு 6 வீதப்படி சம்பளத்தில் வெட்டப்படுவது 3,000 ரூபாய். அவர் 60,000 ரூபாய்க்கு வரிக்குட்பட்ட பொருட்களை வாங்கினால் அதில் 9,153 ரூபாய் போகும். இரண்டையும் கூட்டினால் 12,153 ரூபாய், வருமானத்தில் 6.1 வீதம்.

தொகையில் இளைஞர் மூன்று மடங்கு கட்டுகிறார், அதை யாரும் மறுக்கக் கூடாது. வீதத்தில் பார்த்தால் படகுக்காரர் சற்றுக் கூடவே கட்டுகிறார். உழைப்பதையெல்லாம் செலவழித்தே ஆகவேண்டியவரின் வருமானத்தைச் செலவு வரி முழுதாகப் பிடிக்கும், மிச்சம் பிடிக்க முடிந்தவரின் மிச்சத்தை அது தொடாது. வருமான வரி 6இல் தொடங்கி 36 வரை படிப்படியாக ஏறுவது இந்தச் சாய்வை ஓரளவு நிமிர்த்தத்தான்.

உப்புவெளி விடுதிக்காரன்

கணக்கன் அண்ணாவின் கணக்கில் பிழையில்லை, ஆனால் நமது நாட்டில் பிரச்சினை வீதத்தில் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்த இளைஞரின் கோபம் நியாயமானது, அவர் அதைக் கொட்டிய இடம்தான் தவறு. சம்பளம் வாங்குபவரின் வரி அவர் கைக்குக் காசு வருமுன்னரே வெட்டப்படுகிறது, அதே அளவு அல்லது அதைவிடக் கூடுதலாகக் கையில் காசாக உழைக்கும் எத்தனையோ பேர் வருமானத்தை அறிவிப்பதே இல்லை. என் தொழிலிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. வீதத்தை 36இலிருந்து 40ஆக உயர்த்தினாலும் வரிக் கோப்பில் இல்லாதவரிடமிருந்து ஒரு சதமும் வராது. போதாததற்கு, கொழும்பு துறைமுக நகரத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெருமுதலீடுகளுக்கு 40 ஆண்டுகள் வரை வரிச்சலுகை அளிக்க இடம் வைத்தது.

என் கதையையும் சொல்கிறேன். 2019 டிசம்பரில் வற் வரி 15இலிருந்து 8 வீதமாகக் குறைந்தது, பதிவு எல்லை அடுத்த ஜனவரியில் ஆண்டுக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. நான் அந்த வரியிலிருந்து முழுதாகவே வெளியேறினேன். அறை வாடகையைக் குறைத்தேனா? இல்லை. சில மாதங்களில் கொரோனா வந்து அறைகளே காலியாகிவிட்டன என்பது வேறு விடயம். 2020 ஒக்டோபரில் சீனிக்கான இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தபோதும் இதுதான் நடந்தது. அந்த அளவுக்குக் கடையில் விலை இறங்கவில்லை, இடையில் நின்றவர்களின் பைதான் நிறைந்தது.

அந்தச் சலுகைகளின் விலையைக் கடைசியில் யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2022இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே இருந்தது, குறைந்ததை ஈடுசெய்ய நோட்டு அச்சடித்தார்கள், அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. மானியத்தை எடுத்தார்களே தவிர அது வரியல்ல என்று கணக்கன் அண்ணா திருத்துவார். திருக்கடலூரில் இயந்திரப் படகு வைத்திருந்தவருக்கு அந்த வேறுபாட்டை யார் விளக்கியிருப்பார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை

ஒரே வீதம் என்பதற்கும் முன்னால் ஒரே தொகை என்ற நியாயம் இருந்தது, பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவள் என்பதால் அதை நினைவூட்டுகிறேன். 1848இல் ஆங்கிலேய அரசு நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்ததோடு, வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும் அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றும் சட்டம் போட்டது. நிலச்சுவாந்தாருக்கும் கூலிக்கும் அதே மூன்று சிலிங்தான். ஒருவர் அதை எறிந்துவிட்டுப் போவார், மற்றவர் வெயிலில் கல் உடைப்பார். அந்த ஆண்டே மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது.

மறுபக்கமாக, செல்வந்தரின் செலவுக்கே வரி போடும் முயற்சியும் இங்கே நடந்தது. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி 1959இல் கொண்டுவரப்பட்ட தனிநபர் செலவு வரி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. பின்னாளில் செல்வ வரியும் மரணச் சொத்து வரியும் நீக்கப்பட்டன. என் வீட்டுக்கு நான் உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் சோலை வரி சிறியதுதான், ஆனால் நிலாவெளிக் கரையில் வேலியடைத்துப் போட்டிருக்கும் வெறுங்காணியின் பெறுமதி வருடா வருடம் ஏறுகிறதே, விற்கும் நாள்வரை அந்த ஏற்றத்துக்கு வருமான வரி எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியில் 5க்குப் பதிலாக 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். இது தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய்க்குப் பல மாதங்கள் வட்டியில் வெட்டுப்பட்டது. பணக்காரருக்குப் படிவம் நிரப்பக் கணக்காளர் இருக்கிறார். அந்தத் தாய்க்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், அதுவும் வங்கிக்கு இரண்டு தடவை நடந்த பிறகு.

திருக்கடலூரான்

மூவருக்கும் நன்றி. கணக்கைக் கடதாசியில் எழுதிக்கொண்டுபோய் அந்தப் படகுக்காரரிடம் காட்டினேன். 3,814 என்ற இலக்கத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இதை ஏன் துண்டில் எழுதித் தருவதில்லை?" என்று கேட்டார். கணக்கன் அண்ணா சொன்ன விளக்கத்தையே சொன்னேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அது போதவில்லை என்றுதான் தெரிந்தது.

உவர்மலைக் கணக்கன்

அவருக்குப் போதாதது சரிதான், தம்பி. பதிவு பெறாத கடைக்காரர் வற் வரி என்று துண்டில் எழுதினால் சட்டப்படி குற்றம். அடுத்த முறை அவர் நகரத்துக்கு வரும்போது பதிவுள்ள பெரிய கடையொன்றில் அதே சவர்க்காரத்தை வாங்கி, வரியைப் பிரித்துக் காட்டும் பற்றுச்சீட்டு கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அந்த இளைஞரிடமும் அதைக் காட்டலாம்.