பழைய ஸ்பீக்கர் வயர் கெடுமா, கெடாதா?

டைக்வீதி:
எங்கள் வீடு கடலைப் பார்த்தது. 2003இல் இழுத்த ஸ்பீக்கர் வயர், ஆறு மீற்றர், ஊடுதெரிகிற உறை. இப்போது உள்ளே பாசி பிடித்த மாதிரிப் பச்சை. இடப்பக்கப் பெட்டி கரகரக்கிறது, சத்தமும் மங்கல். வயரை மாற்றினால் சரி என்கிறார் கடைக்காரர். அவர் காட்டிய வயரின் விலைக்கு இன்னொரு சோடிப் பெட்டியே வாங்கலாம். வயருக்கும் வயதாகுமா?

காதே சாட்சி:
ஆகாமல்? மாற்றுங்கள் அண்ணை. நான் போன வருடம் மாற்றினேன், நாதஸ்வரத்தின் மூச்சே தெளிவாகக் கேட்டது. ஆனால் மாட்டியவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 100 மணி நேரம் பாட்டு ஓடவிட்டால்தான் புது வயர் பதப்படும்.

ஓம்மீற்றர்:
பதப்படுவதற்கு அதென்ன புது மண்சட்டியா? கணக்கைப் பார்ப்போம். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, போக வர 12 மீற்றர்: தடை சுமார் 0.14 ஓம். பெட்டி 8 ஓம். ஐந்தில் ஒரு பங்கு இழை செத்துப்போனாலும் தடை 0.17 ஓம்தான். சத்தத்தில் குறைவது 0.05 டெசிபலும் இல்லை. பாட்டுக்குள் ஒரு டெசிபல் வித்தியாசத்தைப் பிடிப்பதற்கே நல்ல காது வேண்டும். இன்னொன்று, 10 பாகை சூடு ஏறினால் செம்பின் தடை 4 சதவீதம் கூடும். சூடான கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் உங்கள் வயர் ‘கிழடாகி’, விடியற்காலையில் திரும்ப இளமையாகிறதா?

காதே சாட்சி:
தடை மட்டும்தான் சத்தமா? எனக்குக் கேட்டது கேட்டதுதான்.

ஓம்மீற்றர்:
மாற்றியது தெரிந்துகொண்டு கேட்டீர்கள். காசு கொடுத்த காது நல்லதைத்தான் தேடும். பழையதையும் புதியதையும் வேறொருவர் மாற்றி மாற்றி மாட்டட்டும். எது எதுவென்று சொல்லாமல், சத்த அளவு ஒரே மாதிரி வைத்து. 20 தரத்தில் எத்தனை சரி என்று இங்கே எழுதுங்கள்.

லவுட்ஸ்பீக்கர்கட்டி:
நான் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன். தம்பி ஓம்மீற்றர், வயர் சாகவே சாகாது என்கிற மாதிரியும் எழுதாதீர்கள். மைக் வயரை இரவிரவாகச் சுருட்டி விரித்தால், பிளக்கின் கழுத்தில் இழை ஒவ்வொன்றாக முறியும். மேலே சுற்றிய வலை அறுந்தால் ‘ம்ம்ம்’ என்று இரையும். அது வயதால் வருவதில்லை, மடிப்பால் வருவது. வீட்டில் சுவரோடு கிடக்கிற வயருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் எங்கள் ஊரில் நுனியை உப்புக்காற்று விடாது. வாடைக்காலம் முழுக்கத் திறந்து கிடந்த நுனியை வெட்டிப் பாருங்கள், உறைக்குள்ளேயும் கறுப்பு ஏறியிருக்கும்.

காதே சாட்சி:
பார்த்தீர்களா! சைவ சித்தாந்தத்திலேயே செம்புக்குக் களிம்பு கூடப்பிறந்தது என்று சொல்லியிருக்கிறது.

ஓம்மீற்றர்:
ஆன்மாவுக்குச் சொன்ன உவமையை ஸ்பீக்கர் வயருக்கு இழுக்காதீர்கள் ஐயா. இந்தக் களிம்பு வெளியிலிருந்து வருவது: ஈரம், உப்பிலுள்ள குளோரைட்டு. உறையை இளக்கமாக்கச் சேர்க்கிற பொருள் சிதைந்தும் பச்சை வரும். மேலே பச்சை பூத்தாலும் உள்ளே செம்பு செம்பாகவே இருக்கும், மின்சாரமும் ஓடும். ஆனால் லவுட்ஸ்பீக்கர் அண்ணை சொன்ன நுனி விசயத்தை ஒப்புக்கொள்கிறேன். களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது. திருகின் கீழே அது படிந்தால் தொடுப்பு விட்டுவிட்டு வேலை செய்யும். கரகரப்பு அதனால்தான்.

டைக்வீதி:
அப்போ தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்க்கட்டுமா? குத்துவிளக்குக்கு அதுதான் போடுகிறோம்.

லவுட்ஸ்பீக்கர்கட்டி:
வேண்டவே வேண்டாம்! விளக்கைக் கழுவித் துடைக்கலாம். இழைகளுக்கு நடுவே போன புளியை யார் கழுவுவது? அடுத்த மாதம் இன்னும் பச்சையாக நிற்கும். வெட்டி எறியுங்கள். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி, முறுக்கி, நுனிக்கு ஈயம் பிடிக்காமல் திருகை இறுக்குங்கள். ஈயம் நாளடைவில் நசிந்து திருகு தளரும். அம்பிளிபயர்ப் பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

டைக்வீதி:
செய்துவிட்டேன். பெட்டிப் பக்கம் முதல் இரண்டு அங்குலம் பச்சை, அடுத்தது கறுப்பு, ஒரு சாண் தள்ளிப் புதுச் செம்பு. கரகரப்பு நின்றுவிட்டது. ஆனால் மங்கல் போகவில்லை.

காதே சாட்சி:
அதைத்தானே நானும் சொன்னேன். மிச்ச வயர்!

ஓம்மீற்றர்:
இடத்து வயரை வலப்பெட்டிக்கு மாற்றிக் கொடுங்கள். மங்கல் வயரோடு போகிறதா, பெட்டியோடு நிற்கிறதா என்று சொல்லுங்கள்.

டைக்வீதி:
பெட்டியோடு நிற்கிறது. முன் துணியைக் கழற்றிக் கூம்பின் ஓரத்து ஸ்பொஞ்ச் வளையத்தைத் தொட்டேன், பழைய ரொட்டி மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது. எட்டு அங்குல வளையம் ஊருக்குள் எங்கே கிடைக்கும்?

காதே சாட்சி:
என்னுடையதையும் ஒருக்கால் கழற்றிப் பார்க்கிறேன். வயர் விசயம் அப்புறம் கதைப்போம்.